சிறைப்பட்ட நிழல்

காமிரா எடுக்கும் படத்திற்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பர், ஒளிப்படம் என்பர், நிழற்படம் என்பர். முதலாவது பெருவழக்கு. ஆயினும் அந்தத் தொழிலில் எங்கும் புகைக்கு இடமில்லை. இரண்டாவது, கிரேக்கச் சொல்லின் பொருளறிந்தோர் ஆக்கிக்கொண்டது, குற்றமில்லாதது. எனக்குப் பிடித்தது மூன்றாவதே. அது யாரோ ஒரு கலைச்சொல் ஆக்கக் குழுவின் அறையில் பிறந்ததாகத் தோன்றவில்லை; பார்த்தவர் வாயிலிருந்து தானே வந்ததுபோல் இருக்கிறது.

நிழல் என்னும் சொல்லை நம் மாணவர்கள் ஒருமுறை அகராதியில் எடுத்துப் பார்த்தல் நலம். வெயில் மறைக்கப்பட்ட இடம் என்பதோடு அதன் பொருள் நின்றுவிடுவதில்லை. நீரிலும் கண்ணாடியிலும் தோன்றும் உருவமும் நிழல். குளிர்ச்சியும் நிழல், அருளும் நிழல், அண்டியவரைக் காத்தலும் நிழல். இவை அனைத்தினும் வியப்பானது, பழந்தமிழில் நிழல் என்பதற்கு ஒளி என்னும் பொருளும் உண்டென்பது. மணியின் நிழல் என்றால் மணியின் ஒளி. ஒன்றையும் அதன் மறுதலையையும் ஒரே சொல்லால் குறித்த முன்னோரை முரண்பட்டவர் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படங்களை உற்றுநோக்கத் தொடங்கிய பின்னர் அவ்வெண்ணம் போய்விட்டது.

இக்கட்டுரை அத்தகைய படங்களுள் ஒரு வகை பற்றியது. மேசைமேல் ஒரு குவளை, ஒரு பழம், ஒரு முட்டை, மனிதர் எவருமில்லை, நிகழ்ச்சி ஏதுமில்லை. ஆங்கிலத்தில் இதனை ஸ்டில் லைஃப் என்பர். நம் ஊர் ஒளிப்படக் கழகத்தார் டேபிள் டாப் என்று தொழில்முறையாகச் சொல்லி முடித்துவிடுவர். பிரெஞ்சுக்காரர் இதற்கு இட்ட பெயரை மொழிபெயர்த்தால் ‘இறந்த இயற்கை’ என்று வரும். அரபியர் ‘தபீஆ ஸாமிதா’ என்பர். ‘மௌன இயற்கை’ என்பது அதன் பொருள். ஒருவர் அசைவின்மையைக் கண்டார். ஒருவர் சாவைக் கண்டார். ஒருவர் பேசாமையைக் கண்டார். மூன்றனுள் அரபியர் கண்டதே என் மனத்துக்கு உகந்தது. பேசாதிருப்பது பேச இயலாததாகிவிடாது. எனவே ஈண்டு இதனை மௌனப் பொருட்படம் என்றே வழங்குகிறேன். இதனினும் நல்ல சொல் கிடைத்தால் இதனை விட்டுவிடத் தடையில்லை.

நிழலை உற்றுநோக்கும் வழக்கம் எனக்குப் படக்கலையால் வந்ததன்று, பள்ளிவாசலால் வந்தது. நான் பிறந்த கடற்கரை ஊரில் ஷாஃபிஈ வழியினரே மிகுதி. ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்த நிழலைக் கழித்து, அப்பொருளின் உயரத்தை எட்டும்போது அஸர் நேரம் தொடங்கும் என்பது அங்குச் சிறு பிள்ளைக்கும் தெரியும். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி வழியினர் நிழல் இருமடங்கு ஆகும்வரை பொறுத்திருப்பர். பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்து, அதன் நிழல் ஊர்வதை விரலால் அளந்துகொண்டிருப்பது எங்களுக்கு விளையாட்டு. அந்நாளிலேயே சுவரில் கடிகாரமும் அச்சிட்ட நேர அட்டவணையும் இருந்தன. ஆயினும் குச்சியின் பேச்சையே நாங்கள் நம்பினோம்.

இந்த விளையாட்டுக்குப் பின்னே ஒரு பேரறிவு மரபு நின்றதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பீரூனி நிழல்களைப் பற்றியே தனியொரு நூல் எழுதினார். தொழுகை நேரங்களை நிழலால் அறிவதும் அதனுள் அடங்கும். அவர் காலத்தவரான இப்னுல் ஹைஸம், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர்; ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் ஒளியியல் பெருநூலின் ஆசிரியர். இருட்டறையின் துளைக்கு எதிரே பல விளக்குகளை வரிசையாக வைத்து, உள்ளே சுவரில் அத்தனை ஒளிப்புள்ளிகள் தோன்றுவதையும், ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டுமே மறைவதையும் அவர் காட்டினார். ஒளிக்கதிர்கள் ஒன்றையொன்று குழப்பாமல் ஒரே துளை வழியே கடந்து செல்கின்றன என்பதற்கு அது சான்று. காமிரா என்னும் சொல்லுக்கு அறை என்று பொருள். அந்த அறை இதுவே. நிழலைப் பற்றியும் அவர் தனியே எழுதியிருக்கிறார். இருள் என்பது ஒளி முற்றும் இல்லாமை. நிழல் என்பதோ ஓர் ஒளி தடைப்பட்டு வேறோர் ஒளி எஞ்சியிருக்கும் நிலை என்று அவர் பிரித்துணர்ந்தார்.

மௌனப் பொருட்படம் எடுப்பவனுக்கு இந்த ஒரு வேறுபாடு விளங்கினால் போதும், எஞ்சியதெல்லாம் கைப்பழக்கம். நல்ல படத்தில் நிழல் கரித்துண்டு போல் அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. அதனுள் கண் நுழைந்தால் மரத்தின் வரி தெரியும், துணியின் இழை தெரியும். எஞ்சிய ஒளியே அவற்றைக் காட்டுகிறது. நிழலுக்கு ஒளி என்று பொருள் கொண்ட பழந்தமிழரை நான் மன்னித்தது இவ்விடத்தில்தான்!

ஒளிப்படக் கலை பிறந்ததும் மௌனப் பொருள்களின் மடியிலேயாம். தாகேர் 1837-இல் எடுத்த படமொன்று எஞ்சியுள்ளது. சன்னலோரத்தில் சுண்ணச் சிற்பங்கள், பிரம்பு பின்னிய புட்டி முதலியன அதில் உள்ளன. அந்நாளில் ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஒளி ஊட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் அசையாதிருக்க மனிதரால் ஆகுமோ? சிற்பத்தால் ஆகும். இங்கிலாந்தின் தால்பாட், 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘இயற்கையின் எழுதுகோல்’ நூலில் பீங்கான் கலங்களின் வரிசை ஒன்றும் கண்ணாடிக் கலங்களின் வரிசை ஒன்றும் படங்களாக உள்ளன. பீங்கான்கள் களவு போனால் இப்படமே வழக்குமன்றத்தில் வாய்பேசாச் சாட்சியாக நிற்கலாமே என்று அவர் வேடிக்கையும் உண்மையும் கலந்து குறிப்பிடுகிறார். மௌனமும் சாட்சியமும் ஒருங்கே நிற்கலாம் என்பது அவருக்கு அன்றே தோன்றியிருக்கிறது.

வண்ணம் இல்லாத படத்தில் பொருளைப் பொருளினின்று பிரித்துக்காட்டுவது ஒளி ஒன்றே. செம்பருத்திப் பூவையும் அதன் இலையையும் கண் உடனே வேறுபடுத்துகிறது. கறுப்பு வெள்ளைச் சுருளிலோ இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாக விழுந்து ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடும். பழைய சுருள்களுக்குச் சிவப்பு அறவே தெரியாது. செந்நிறம் அவற்றில் கறுப்பாகவே விழும். ஆகவே படமெடுப்பவன் வண்ணத்தை மறந்து, வெளிச்சம் எப்பக்கத்திலிருந்து வருகிறது, எங்கே வழுக்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று மட்டும் பார்க்கப் பழக வேண்டும். நேர் எதிரே நின்று அடிக்கும் ஒளி பொருளைத் தட்டையாக்கும். பக்கவாட்டில் தாழ்ந்து வரும் ஒளி ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பள்ளத்தைத் தரும். ஒளி தரும் பரப்பு சிறிதாயின் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். பெரிதாயின் விளிம்பு கரைந்து போகும். நண்பகல் ஞாயிறு உருவில் எத்துணைப் பெரிதாயினும் தொலைவால் நமக்கு ஒரு நாணயம்தான். மேகம் மூடிய வானமோ ஒரு பந்தல்.

எட்வர்டு வெஸ்டன் என்னும் அமெரிக்கர் 1930-இல் எடுத்த ‘குடைமிளகாய் எண் 30’ இதற்கு என்றும் எடுத்துக்காட்டாக நிற்பது. எண்ணே கதை சொல்லும். அத்தனை முறை முயன்றிருக்கிறார். கடைசியில் ஒரு தகரப் புனலைக் கிடத்தி, அதன் வாய்க்குள் மிளகாயை வைத்தார். புனலின் வளைந்த உட்சுவர் ஒளியை எல்லாப் பக்கமும் மெல்லத் திருப்பி அனுப்பியது. மிளகாய், முறுகித் திரும்பிய ஒரு மனித முதுகுபோல் ஆயிற்று. பார்த்தவர் பலரும் அதில் உடலைக் கண்டனர். தாம் எடுத்தது மிளகாயையே என்பது வெஸ்டனின் நிலை. ஹங்கேரியரான கெர்டெஸ் 1928-இல் பாரிசில் எடுத்த ‘முள்கரண்டி’யில் ஒரு தட்டின் விளிம்பில் சாய்ந்த கரண்டியும் அதன் நிழலும் அன்றி வேறில்லை. அங்கே கரண்டியைவிட நிழலே அழகு. இவ்விரு படங்களையும் வியக்கிறேன். ஆயினும் திரும்பத் திரும்ப நான் சென்று நிற்பது வேறொருவர் வாசலில்.

அவர் யோசெப் சூடெக். 1896-இல் பொகீமிய நாட்டின் கோலின் நகரில் பிறந்தவர். நூற்கட்டுத் தொழில் பயின்றார். முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் காயமுற்று வலக் கையை முழுதும் இழந்தார். இரு கை உள்ளோரே சுமக்கத் தயங்கும் பெரிய மரக் காமிராக்களை அதன் பின் வாழ்நாள் முழுதும் ஒற்றைக் கையால் தோளில் சுமந்து திரிந்தார். வேண்டுமிடத்தில் பல்லும் அவருக்குக் கையாயிற்று. 1927-இல் பிராகு நகரில் ஒரு தோட்டத்தினுள் மரத்தாலான சிறு பணிமனையில் குடியேறினார். 1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை அந்நகரைக் கைக்கொண்டது. தெருவில் காமிராவோடு நடப்பதே ஐயத்துக்கிடமாயிற்று. சூடெக் தம் பணிமனையின் சன்னலுக்குத் திரும்பினார். 1940 முதல் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் அந்த ஒரே சன்னலை எடுத்துக்கொண்டேயிருந்தார். கண்ணாடியில் பனி படியும், நீர்த்துளி வழியும், அப்பால் தோட்டத்து முறுக்கு மரமொன்று மங்கித் தெரியும். சன்னல் விளிம்பில் ஒரு குவளை நீர், ஒரு முட்டை, ஒரு ரொட்டித் துண்டு. 1956-ஆம் ஆண்டின் ‘கடைசி ரோஜா’ இவ்வரிசையில் வந்தது.

அவர் ஒளி விளக்கொளி அன்று. வட நாட்டின் மங்கிய பகல், நீராவி படிந்த கண்ணாடியால் மேலும் வடிகட்டப்பட்டு உள்ளே வருவது. அவர் படங்களில் வெண்மை என்று துணிந்து சொல்லத்தக்க இடம் மிகக் குறைவு. முட்டைகூடச் சாம்பல்தான். முதல் பார்வையில் படம் இருண்டு கிடப்பதாகவே தோன்றும்; சற்றுப் பொறுத்தால் இருட்டறைக்குள் நுழைந்தவனுக்குக் கண் பழகுவதுபோல் ஒவ்வொன்றாய்த் தெரியத் தொடங்கும். இதனை அச்சின் குறை என்று சொல்லும் ஒளிப்படக்காரர்களை அறிவேன். நான் உடன்படேன். சூடெக் 1940-இல் ஒரு பழைய தேவாலயச் சிற்பத்தின் படத்தை எதிர்த்தகட்டின் அதே அளவில் அச்சிட்டிருக்கக் கண்டு, அதுமுதல் உருப்பெருக்கும் கருவியையே கைவிட்டவர். தகட்டைத் தாள்மேல் நேரே வைத்து அச்சிட்டார். இத்தகையவர் இருளைத் தவறுதலாக அச்சிட்டார் என்பது நம்பத்தக்கதன்று. நண்பர்களின் நினைவாகவும் அவர் பல பொருட்படங்கள் அமைத்தார். நண்பர் படத்தில் இல்லை. அவர் தந்த பொருள் இருக்கிறது.

இந்த இடத்தில் என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் எங்கள் ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கடவுச்சீட்டுக்கும் வளைகுடா வேலைக்கும் படம் எடுப்பதே பெருவருவாய். ஊரில் அவர் காமிரா முன் அமராத ஆடவர் இரார். ஆனால் அவரைப் பெற்ற தாயார், என் உம்மாவின் உம்மா, ஒருநாளும் அமர்ந்ததில்லை. உயிருள்ளவற்றின் உருவத்தைப் பதிப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ, காமிரா புதிதாய் ஒன்றைப் படைப்பதில்லை. அது நிழலைச் சிறைப்பிடித்தல் மட்டுமே, ‘ஹப்ஸுழ் ழில்’ என்று வாதிட்டு அதனை ஆகுமாக்கினார். நிழற்படம் என்ற நம் சொல்லை அவர் அறிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! வேறு அறிஞர் பலர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. நான் தீர்ப்புக் கூற வந்தவன் அல்லன். கிழவியார் தமக்கு வேண்டிய தீர்ப்பைத் தாமே கூறிக்கொண்டார். மகனின் தொழிலைக் குறை சொல்லவுமில்லை, அதன் முன்னே வந்து நிற்கவுமில்லை. ஹஜ்ஜுக்குப் போகும் வசதி வாய்க்காததால் கடவுச்சீட்டும் எடுக்கப்படவில்லை. 1991-இல் அவர் மறைந்தபோது அவர் முகம் எங்கும் பதிவாகியிருக்கவில்லை.

நாற்பது நாள் கழிந்து ஒருநாள் காலை, மாமா காமிராவோடு வீட்டுக்கு வந்தார். யாஷிகா மேட், மேலும் கீழுமாக இரு கண்ணாடி உள்ளது. தாயார் படுத்திருந்த அறையின் மூலையில் பலகை ஒன்றைப் போட்டு, அவருடைய வெற்றிலைச் செல்லத்தையும் பாக்குவெட்டியையும் மூக்குக்கண்ணாடியையும் வைத்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. வெள்ளை அட்டை பிடிக்கும் வேலை எனக்கு. கிழக்குச் சன்னலில் வெயில் நேரே விழுந்தது. பித்தளைச் செல்லம் கண்ணைக் குத்துமாறு மின்னியது. வயோதிகர்க்குரிய தடித்த கண்ணாடியாதலால், அதன் வட்ட நிழலின் நடுவே ஒளி குவிந்து நெருப்புப் பொட்டுப்போல் எரிந்தது. பார்க்க வேடிக்கையாக இருந்தது. “வேணாம், உம்மா இப்படிச் சத்தமா இருந்ததில்ல” என்றார் மாமா. வெளிச்சத்துக்குச் சத்தம் உண்டென்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பிறகு கொடியில் மடித்துக் கிடந்த தாயாரின் வெள்ளைத் துப்பட்டியை எடுத்து, உதறி, சன்னலில் கட்டினார். அறை முழுதும் மாறிப்போயிற்று. செல்லத்தின் மின்னல் அடங்கி ஒரு பால்நிறப் பட்டையாயிற்று. நெருப்புப் பொட்டு அணைந்தது. மூக்குக்கண்ணாடியின் நிழல் விளிம்பு கரைந்து பலகையோடு இழைந்தது. ஒளியின் பிறப்பிடம் ஒரு நாணயத்திலிருந்து ஒரு சன்னலளவு துணியாக விரிந்தால் இவ்வாறுதான் நிகழும், இயற்பியல் அவ்வளவே. மறுபக்கம் இருள் மிகுந்தபோது என்னை அட்டையோடு ஓரடி நெருங்கச் சொன்னார். பின் அரையடி விலகச் சொன்னார். அண்மைக் கண்ணாடி பொருத்தி, மேற்கண்ணாடியால் பார்த்ததைக் கீழ்க்கண்ணாடி பார்க்கும்படி முக்காலியை அந்த அளவு உயர்த்தி, இரண்டு வினாடி திறந்து மூடினார். பன்னிரண்டு படத்துக்குரிய சுருளில் பன்னிரண்டும் அதே படம்தான். அட்டையின் தொலைவு மட்டுமே மாறியது. சுருள், உதகையின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் செய்த ‘இந்து’. அந்த ஆலை இன்று இல்லை. வண்ணப் படம் ஊரெங்கும் பரவிவிட்ட காலம் அது. ஸ்டூடியோவில் வண்ணச் சுருளும் இருந்தது. எனினும் இதற்கு மட்டும் அவர் கறுப்பு வெள்ளையையே எடுத்தார்.

அன்றிரவே கழுவி அச்சிட்டார். சிவப்பு விளக்கின் கீழ் நானும் நின்றேன். வெற்றுத்தாள் தட்டில் மிதக்கும். உருத்துலக்கி நீரில் சற்றே அசைத்தால் நிழல்கள் முதலில் வரும். ஆம், அச்சில் முதலில் பிறப்பது நிழலே. ஒளி என்று நாம் காண்பது தாள் கறுக்காமல் விட்ட இடம். பின் ஹைப்போ நீரில் இட்டு நிலைநிறுத்த வேண்டும். அது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-இல் கண்டறிந்தார். படம் முழுவதற்கும் பதினெட்டு வினாடி ஒளி தந்தவர், ஓட்டையிட்ட அட்டையொன்றைக் கையில் பிடித்து, வலப்பக்க மேல்மூலைக்கு மட்டும் மேலும் முப்பது வினாடி தந்தார். அந்த மூலை கருமையில் அமிழ்ந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அங்கே அப்படித்தான் செய்வர் போலும் என்றிருந்தேன்.

படம் சட்டமிடப்பட்டுக் கூடத்தில் தொங்கியது. மூத்த மாமா படம் மாட்டுவதை எவ்வகையிலும் ஏற்காதவர். படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு, மரம் முதலான உயிரற்றவற்றை வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டிய செய்தியை அவர் நன்கு அறிந்தவர். ஆதலால் செல்லத்தின் படத்துக்கு மறுப்புச் சொல்ல அவருக்கு இடமில்லை. ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பின் ஒருநாள் மக்ரிபுக்குப் பின் தம்பியை அழைத்து, “இத உள்ள மாட்டிடு தம்பி. தொழுவுற எடத்துல வேணாம். உம்மா இப்பத்தான் எந்திரிச்சு ஒளுச் செய்யப் போனாப்புல இருக்கு” என்றார். இளைய மாமா மறு பேச்சின்றி அதனைக் கழற்றி, பின்கட்டு அறையில் மாட்டினார். உயிரற்றது என்ற விதிக்குள் அடங்கிய படத்தை, உயிர் மிகுந்துவிட்டது என்று இடம்மாற்றியவரை நான் கடுமையானவர் என்று எண்ணுவதில்லை. அப்படத்தை அவரைவிடச் சரியாகப் பார்த்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

மிளகாயில் உடலைக் கண்டவர்கள் உருவ ஒப்புமையால் கண்டனர். செல்லத்துக்கும் கிழவியார்க்கும் உருவ ஒப்புமை ஏது? அங்கே வேலை செய்தது நிழல். விட்டுவிட்டுப்போன இடத்தைக் காட்ட நிழலால் முடியும்; வண்ணமும் முழு வெளிச்சமும் இருப்பதை மட்டுமே காட்டும். இலக்கணத்தில் தொக்கி நிற்பது என்று ஒன்றைக் கற்பிக்கிறோமல்லவா? உருபு மறைந்திருக்கும்; பொருள் மறைந்திராது. தொகைநிலைத் தொடர் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகை நினைவுக்கு வருகிறது. மாணவர்க்கு இதைச் சொன்னதில்லை.

இப்போது ஒவ்வொரு மாணவர் கையிலும் நல்ல காமிரா உள்ள செல்பேசி இருக்கிறது. அதில் ஒரு பொத்தானைத் தொட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும். அது வண்ணத்தைத் துடைத்தெடுத்த படமேயன்றி, வண்ணத்தை முதலிலேயே துறந்து எடுத்த படம் ஆகாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் ஒருமுறை தொடும்போது அக்கருவி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றாக்கி, இருண்ட இடங்களைத் தானாகவே வெளிச்சமாக்கித் தருகிறது. நிழல் ஒரு பிழை என்பது அதன் எண்ணம், கேளாமலே திருத்திவிடுகிறது. விழா மேடையில் நண்பனின் முகம் தெரிய அது உதவட்டும். மேசைமேல் ஒரு முட்டையை வைத்துச் சன்னலோரம் எடுத்துப் பார்ப்பவர், அந்தத் திருத்தத்தை நிறுத்தும் வழியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முட்டையை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். வெண்மை, வளைவு, விழுநிழல், மேனிமேல் படியும் நிழல், மேசையிலிருந்து அடிவயிற்றில் ஏறும் எதிரொளி, இத்தனையும் ஒரு முட்டையில் உண்டு. ஒளியமைப்புப் பயிற்சிக்கு இதனினும் மலிவான ஆசிரியர் கிடையாது. பாடம் முடிந்தபின் வறுத்தும் உண்ணலாம்.

சுருளின் காலத்து முறையோ நேர்மாறானது. நிழலை அளந்து ஒளி ஊட்டு, வெளிச்சத்தைப் பார்த்து உருத்துலக்கு என்பது பழைய தொழில் வழக்கு. எதிர்ச்சுருளில் நிழற்பகுதியில் பதியாமல் போனதைப் பின்னர் எந்த வித்தையாலும் மீட்க இயலாது என்பதே காரணம். ஆன்சல் ஆடம்சும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி இதனை முறைப்படுத்தினர். முழுக் கருமை முதல் முழு வெண்மை வரை பதினொரு படிகள் வகுத்து, நுணுக்கம் தெரிய வேண்டிய நிழலை மூன்றாம் படியில் நிறுத்தச் சொன்னார்கள். ஆகவே பழைய தேர்ந்த கைகள் எடுத்த எதிர்ச்சுருளில், அச்சில் காண்பதைவிடக் கூடுதலாகவே நிழற்பகுதியில் செய்தி அடங்கியிருக்கும். அதில் எவ்வளவை வெளியே விடுவது என்பது அச்சிடுவோன் விருப்பம்.

மாமா மறைந்தபின் அந்தச் சுருள் என்னிடம் வந்தது. வெள்ளி படிந்த சுருள். முப்பது ஆண்டுக்கு மேலாகியும் கெடவில்லை. சென்ற ஆண்டு நம் துறை மாணவர் ஒருவர் அதனைக் கணினியில் ஏற்றித் தந்தார். திரையில் படம் விரிந்தபோது வலப்பக்க மேல்மூலையில் அச்சில் நான் ஒருநாளும் காணாதவை தெரிந்தன. ஒரு பிறை மாடம். அதில் வரிசையாக மருந்துப் புட்டிகள். ஒரு பீங்கான் ஊட்டுக் கிண்ணம். மடித்து வைத்த ரப்பர் விரிப்பு. தாயார் படுக்கையில் கிடந்த கடைசி ஏழு மாதத்தின் பொருள்கள் அவை. படம் எடுத்த நாளில் அவற்றை எடுத்து அப்புறப்படுத்த அரை நிமிடம் ஆகியிராது. மாமா அப்புறப்படுத்தவில்லை. அவை இருக்கவே படத்தை எடுத்து, பின் ஒவ்வொரு அச்சிலும், தம் காலம் முழுதும், முப்பது வினாடி கூடுதலாகக் கையை அசைத்து நின்று அவற்றை நிழலுக்குள் அனுப்பினார்.

அந்த மூலையை இன்னும் தெளிவாக்கித் தரட்டுமா என்று மாணவர் ஆர்வத்தோடு கேட்டார். புட்டியின் சீட்டைக்கூடப் படிக்கலாம் என்றார். அச்சுப் படத்தை அவர் முன் வைத்து, அதில் எவ்வளவு கருமையோ அவ்வளவு கருமையாக்கித் தருமாறு கேட்டுக்கொண்டேன். சரியான அளவு வர அவருக்கு மூன்று நாள் பிடித்தது.